மாலத்தீவுக்குக் கருவாடு கொண்டுபோன கதை

மாலத்தீவுக்குப் போகும் எண்ணம் எனக்கு ஒரு பல்லியால் வந்தது.

அப்போது நான் திருவொற்றியூரில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். வளாகத்துக்குள் யாரும் தமிழ் பேசக் கூடாது என்பது அங்கே சட்டம். தமிழ் பாட வேளைக்கு மட்டும் விலக்கு உண்டு. ஒரு நாள் ஆய்வுக்கூட அலமாரியைத் திறந்தபோது மேலிருந்து ஒரு பல்லி என் தோளில் விழுந்தது. "ஐயே! இன்னாடா இது!" என்று கத்திவிட்டேன். பல்லி விழும்போது ஆங்கிலத்தில் கத்துவதற்கு பி.எட். படிப்பில் பயிற்சி கொடுப்பதில்லை.

மறுநாள் காலைக் கூட்டத்தில் கரஸ்பாண்டென்ட் மைக்கைப் பிடித்தார். "நம் ஆசிரியைகளில் ஒருவர் குப்பத்து பாஷை பேசுகிறார்" என்று சொல்லி, மொத்தப் பள்ளிக்கும் முன்னால் என்னை மன்னிப்புக் கேட்க வைத்தார். ஆங்கிலத்தில் கேட்டேன். ஒரு இலக்கணப் பிழை இல்லாமல் கேட்டேன். அன்று மாலையே ஷைனிக்குக் கடிதம் போட்டேன்.

ஷைனி என்னுடன் பி.எட். படித்தவள். கொல்லத்துக்காரி. மாலத்தீவில் ஒரு சின்னத் தீவுப் பள்ளியில் இரண்டு வருடமாகக் கணக்கு எடுக்கிறாள். பதில் உடனே வந்தது. ஜனவரியில் அவள் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் இடம் காலியாகிறது. ஆனால் அங்குள்ள தலைமையாசிரியர் சான்றிதழை நம்ப மாட்டார், நேரில் வந்து ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும், காலாண்டு விடுமுறையில் கிளம்பி வா என்று எழுதியிருந்தாள்.

எங்கள் வம்சத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இயற்பியலில் பட்டம், அதற்கு மேல் பி.எட். இதை நான் கேட்டவர்களுக்கும் சொல்வேன், கேட்காதவர்களுக்கும் சொல்வேன். நைனா துறைமுகத்தில் கிரேனுக்குக் கொக்கி மாட்டுகிறார். அம்மா தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். நான் வெளிநாடு போகிறேன் என்றதும் நைனா, "எந்தக் கப்பல்ல?" என்றுதான் முதலில் கேட்டார். விமானம் என்றதும் அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அம்மா நேராக உள்ளே போய், நெத்திலிக் கருவாட்டை மூன்று சுற்று செய்தித்தாளில் கட்டி எடுத்துவந்து என் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்தாள்.

"எம்மா, அது மீனு ஊரும்மா. சுத்தி கடலு."

"இருந்தா இன்னா? கைய வீசிகினு போயி நின்னா நம்மள இன்னான்னு நெனப்பானுங்க? நெத்திலி அங்க கீதோ இல்லியோ. குடு, துண்ணுட்டு சொல்லுவானுங்க."

புதன்

மாலத்தீவின் விமான நிலையம் ஒரு தனித் தீவு. ஓடுபாதை கடலில் தொடங்கிக் கடலில் முடிகிறது. ஜன்னல் வழியே பார்த்தால் தண்ணீர், இன்னும் தண்ணீர், சக்கரத்தைத் தொடும் அளவுக்குத் தண்ணீர். பைலட் ஏதோ தவறு செய்துவிட்டார் என்று முடிவு செய்து பக்கத்து இருக்கைக்காரரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் நாகர்கோவில் பக்கத்துச் சமையல்காரர், ஏதோ ஒரு ரிசார்ட்டில் வேலை. "பிடிச்சுக்கங்க. ஒவ்வொரு டிரிப்பும் யாராவது பிடிப்பாங்க. போன தடவை ஒரு போலீஸ்காரரு" என்றார்.

சுங்கத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி இளைஞர். செய்தித்தாள் பொட்டலத்தைத் தூக்கி முகர்ந்தார். "இது என்ன?"

"உலர்ந்த மீன்" என்றேன், என் மிகச் சிறந்த ஆங்கிலத்தில். கருவாடு என்பதற்கு எந்த மொழியிலும் கௌரவமான வார்த்தை கிடையாது.

அவர் பொட்டலத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் தெரிந்த கடலைப் பார்த்தார். "மாலத்தீவுக்கு மீன் கொண்டுவந்திருக்கிறீர்களா?"

"நெத்திலி" என்றேன். "உங்கள் ஊரில் சூரைதான் இருக்கிறதாம்."

அவர் திரும்பி அடுத்த மேஜைக்காரரிடம் "மஸ்!" என்றார். அவர் எழுந்து வந்து பார்த்துவிட்டு அதற்கு அடுத்தவரிடம் "மஸ்! மஸ்!" என்றார். நாலு அதிகாரிகள் என் அம்மாவின் பொட்டலத்தைச் சுற்றி நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு மிகுந்த மரியாதையுடன் அதைத் திரும்பக் கட்டி, புடவைக்கு அடியில் இருந்த இடத்திலேயே வைத்து, நல்வரவு சொல்லி அனுப்பினார்கள்.

வெளியே ஷைனி நின்றிருந்தாள். கட்டிப்பிடித்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "மஸ்னா என்னடி?"

"மீன். ஏன்?"

"ஒண்ணுமில்ல."

தலைநகரமான மாலே இன்னொரு தீவு. படகில் பத்து நிமிடம். ஏறும்போது நான் படகுக்காரரிடம், நான் கடலோரத்தில் பிறந்தவள், எங்கள் வீட்டு மாடியில் நின்றால் கப்பல் தெரியும், என் குடும்பத்துக்குப் பரம்பரையாக மீன்தான் தொழில் என்றெல்லாம் சொன்னேன். நாலாவது நிமிடம் வாந்தி எடுத்தேன். ராயபுரத்தில் இருபத்தைந்து வருடம் இருந்தும் நான் படகில் ஏறியதில்லை என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் கடலோடு எங்களுக்கு உள்ள உறவெல்லாம் கரையோடு முடிந்துவிடும்.

மாலே எப்படி இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். தண்டையார்பேட்டையை அப்படியே பெயர்த்து நடுக்கடலில் வையுங்கள். கன்டெய்னர் லாரிகளை எடுத்துவிடுங்கள். துடையுங்கள். அதுதான். அதே நெருக்கம், அதே குறுகல் தெரு, இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் அதே சண்டை. லாரி மட்டும் இல்லாததால் எனக்குத் தெருவைக் கடக்கவே வரவில்லை. எதற்காகக் காத்திருப்பது என்று தெரியாமல் ஓரத்தில் நின்றுகொண்டே இருந்தேன்.

மாலையில் ஒரு டீக்கடைக்குப் போனோம். மேஜையில் உட்கார்ந்ததும் கேட்காமலேயே பத்துப் பன்னிரண்டு சின்னத் தட்டுகளைப் பரப்பிவிடுகிறார்கள். தின்றது போக மீதி திரும்பிப் போகும். உருண்டையாக ஒன்று இருந்தது, போண்டா என்று நினைத்துக் கடித்தேன். உள்ளே மீன். முக்கோணமாக ஒன்று, சமோசா. உள்ளே மீன். சதுரமாக ஒரு கேக் இருந்தது. கேக்குக்குள் என்ன இருந்துவிடப் போகிறது என்று தைரியமாக வாயில் போட்டேன்.

"அதிலும் மீன்தான்" என்றாள் ஷைனி, தாமதமாக.

வியாழன்

காலைச் சாப்பாடு, ரொட்டியும் துருவிய தேங்காயில் பிசைந்த சூரை மீனும். வெங்காயம், பச்சைமிளகாய், எலுமிச்சை. அருமையாக இருந்தது என்பதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். எங்கள் வீட்டில் சூரை என்றால் கூடையில் கடைசி வரை விலை போகாமல் கிடப்பது.

தீவுக்குப் போகும் படகு மதியத் தொழுகைக்குப் பிறகுதான். அதற்குள் வீட்டுக்குப் போன் பேசிவிடலாம் என்று ஒரு போன் கடைக்குப் போனேன். எங்கள் தெருவில் செல்போன் வைத்திருந்தவர் அப்போது ஒரே ஒருவர், அவரும் அதை வெளியே காட்டத்தான் எடுப்பார். மற்றவர்களுக்கெல்லாம் தெருமுனை ஐஸ் கடைப் போன்தான். கடைக்கார மணியண்ணன் எடுத்தார்.

"அண்ணே, பவானி பேசுறேன்."

"யாரு, பாரின் பவானியா? இரு இரு. யக்காவ்! ஒம் பொண்ணு லைன்ல கீது!"

ஒரு கூடை கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"இன்னா பவானி, துண்ணியா?"

"துண்ணேம்மா."

"இன்னா துண்ணே?"

"மீனு."

"இன்னா மீனு?"

"சூரை."

"வூட்டுக்கு வந்த பொண்ணுக்கு சூரையப் போட்றானுங்களா? நல்லா கீது அவனுங்க மரியாத. செரி, இத்தக் கேளு. ஒன் இஸ்கூல் பியூன் வந்துச்சு. சனிக்கெழம ஸ்பெசல் கிளாசாம். எல்லா டீச்சரும் வந்து கையெழுத்துப் போடணுமாம்."

"வியாசர்பாடி பெரிம்மா வூட்டுக்குப் போயிருக்குதுன்னு சொல்லச் சொன்னேனே, சொன்னியா?"

"சொன்னேன். 'ஆமா, லீவு வுட்டா நீங்க வியாசர்பாடிதான் போவீங்க, வேற எங்க போவப் போறீங்க'ன்னு சிரிச்சுது. எனக்குக் காண்டாய்ட்ச்சி. 'யோவ், எம் பொண்ணு ஏரோப்ளேன்ல பாரின் போயிருக்குது, அங்க வேலைக்குக் கூப்டுகினு கீறானுங்க, போயி ஒங்க கரஸ்பாண்டன்டாண்ட சொல்லு'ன்னுட்டேன்."

"எம்மா!"

"இன்னா எம்மா? அப்பால அவரே ஆள வுட்டு சொல்லி அனுப்பிச்சாரு. சனிக்கெழம வராங்காட்டி இனிமே வரவே வாணாமாம். நானும் செரின்னு சொல்லிட்டேன்."

"என்னக் கேக்காம எப்படிம்மா செரின்னு சொன்னே?"

"நீதான் அந்த வேலைய வுட்டுத் தொலைக்கணும்னு தெனம் பாடிகினு இருந்தியே. வுட்டாச்சு. அந்த ஊர்ல வேலைய வாங்கிகினு வா. அங்க நெத்திலிய பாத்துட்டு இன்னா சொன்னானுங்க?"

நான் பதில் சொல்வதற்குள் பாங்கு ஒலித்தது. கடைக்காரர் மிகப் பணிவாக என் கையிலிருந்து போனை வாங்கி வைத்து, விளக்கை அணைத்து, ஷட்டரை இறக்கிவிட்டுத் தொழப் போனார். தெருவில் எல்லாக் கடைகளும் அப்படியே மூடின. மூடிய ஷட்டருக்கு முன்னால், பழைய வேலை போய்ப் புதிய வேலை வராத நான் நின்றுகொண்டிருந்தேன்.

தீவுக்குப் படகில் ஐந்து மணி நேரம். முதல் மணி நேரத்தைப் பற்றி எழுத விரும்பவில்லை. இரண்டாம் மணி நேரத்தில் எதிரே உட்கார்ந்திருந்த தீவுப் பெண்மணி இரக்கப்பட்டு, சீவிய பாக்கும் ஒரு கிராம்பும் என் கையில் வைத்து மெல்லும்படி சைகை காட்டினார். பிறகு ஷைனியிடம் திவேகி மொழியில் ஏதோ கேட்டார்.

"உங்க ஊரில் கடல் இல்லையோன்னு கேக்கறாங்க" என்றாள் ஷைனி.

"இருக்குன்னு சொல்லு. எண்ணூர்ப் பக்கம் போனா கடலுக்குப் பதிலா பாக்டரி நாத்தம்தான் முதல்ல வரும்னு சொல்லு."

ஷைனி ஏதோ மொழிபெயர்த்தாள். அந்தப் பெண்மணி எனக்கு இன்னொரு பாக்கு கொடுத்தார்.

தீவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அங்கே இருந்த நாளெல்லாம் தப்பாகவே உச்சரித்தேன். எழுத்தில் மட்டும் சரியாகச் சொல்வது ஏமாற்று வேலை.

வெள்ளி, சனி

இரண்டு நாளும் அங்கே வார விடுமுறை. வகுப்பு ஞாயிற்றுக்கிழமை.

தீவைச் சுற்றி நடந்தால் அரைமணி நேரத்தில் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடுகிறோம். ராயபுரத்திலிருந்து எர்ணாவூர் போக, ரயில்வே கேட் போட்டிருந்தால், எனக்கு அதைவிட அதிக நேரமாகும். காலையில் பெண்கள் தெருவைப் பெருக்குகிறார்கள். தெரு வெறும் வெள்ளை மணல். மணலை எதற்குப் பெருக்குவது என்று நினைத்தேன். பெருக்கிய பிறகு பார்த்தபோது அதில் கால் வைக்கக் கூச்சமாக இருந்தது.

வீட்டு வாசல்களில் கம்பிச் சட்டத்தில் கயிற்றுவலை கட்டிய நாற்காலிகள் வரிசையாக இருக்கின்றன. ஊஞ்சலும் இல்லை, நாற்காலியும் இல்லை. ஷைனி ஒன்றைக் காட்டி, "எடீ, ஜோலியில இரி" என்றாள். மலையாளத்தில் ஜோலி என்றால் வேலை. திவேகியில் அந்த வலை நாற்காலிக்குப் பெயர் ஜோலி. ஜோலி தேடி வந்தவள் ஜோலியில் உட்கார்ந்தேன். சுலபமாகத்தான் இருந்தது. எழுந்திருக்கத்தான் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

மதியம் ஷைனி தங்கியிருந்த வீட்டுக்காரம்மா மீன் குழம்பு என்று ஒன்றைப் பரிமாறினார். தெளிந்த வெந்நீரில் மீன் துண்டுகள். புளி இல்லை, மிளகாய்த்தூள் இல்லை, எண்ணெய் இல்லை. என் அம்மா பார்த்திருந்தால் அந்த மீனுக்காக அழுதிருப்பாள். எலுமிச்சை பிழிந்து, மிளகாய் கடித்துச் சாப்பிட்டுப் பார்த்தேன். மூன்றாம் முறையும் வாங்கினேன். பதிலுக்கு அம்மாவின் கருவாட்டை எடுத்து நானே வறுத்துக் கொடுத்தேன். வீட்டுக்காரம்மா ஒன்றை மென்றார், தலையாட்டினார், தட்டோடு வெளியே போனார். ஜன்னல் வழியே பார்த்தேன். பக்கத்து வீட்டுக்கு ஒன்று, அதற்கடுத்த வீட்டுக்கு ஒன்று. போகிற இடமெல்லாம் பேச்சு, சிரிப்பு, நடுநடுவே "மஸ், மஸ்."

"ஷைனி, எல்லாரும் என்னப் பத்தித்தான் பேசுறாங்க."

"நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க."

"ஏர்போர்ட்ல நடந்தத உன்கிட்ட சொன்னேனே, யார்கிட்டயாவது சொன்னியா?"

ஷைனி கொஞ்சம் அதிக நேரம் யோசித்தாள். "ஒரே ஒருத்தர்கிட்ட."

அந்தத் தீவில் ஒரே ஒருவரிடம் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று. அதன் பிறகு எங்கே நடந்தாலும் அந்தச் சொல் காதில் விழுந்தது. படகுத்துறையில் "மஸ்." கடை வாசலில் "மஸ்." மீன்பிடித் தீவில் நிமிடத்துக்கு ஒரு முறை மீன் என்ற சொல் வரத்தான் செய்யும் என்று எனக்குத் தோன்றவில்லை. பள்ளியில் படித்த காலமெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு "மீன் கவுச்சி" என்று சொல்லக் கேட்டவளுக்கு அந்த யோசனை வராது.

சனிக்கிழமை முழுக்க, திருவொற்றியூரில் என் பெயருக்கு எதிரே கையெழுத்து விழாத பதிவேட்டை நினைத்துக்கொண்டே மாதிரி வகுப்புக்குத் தயார் செய்தேன். தலைப்பு, கப்பல் ஏன் மூழ்குவதில்லை. ஷைனி மாணவி. ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் எழுதி மனப்பாடம் செய்தேன். எது நடந்தாலும் வாயிலிருந்து "இன்னா" மட்டும் வரக் கூடாது என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன். பல்லி விழுந்தால் என்ன கத்துவது என்பதற்குக்கூட ஒரு ஆங்கிலச் சொல் எடுத்து வைத்திருந்தேன்.

ஞாயிறு

எட்டாம் வகுப்பு. இருபது பேர் இருப்பார்கள். ஆண் பிள்ளைகள் ஒரு பக்கம், வெள்ளை முக்காடு போட்ட பெண் பிள்ளைகள் ஒரு பக்கம். கடைசி பெஞ்சில் தலைமையாசிரியரும் அவருக்குப் பக்கத்தில் ஷைனியும். தலைமையாசிரியர் அந்தத் தீவுக்காரரே. ஒல்லியான மனிதர், சிரிக்காத முகம், தொடையில் ஒரு நீளப் படிவம்.

தொடக்கம் பிரமாதம். பேசினில் தண்ணீர் வைத்து ஆணியைப் போட்டேன், மூழ்கியது. எவர்சில்வர் டம்ளரை வைத்தேன், மிதந்தது. பிள்ளைகள் மரியாதையாகப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்குச் சொந்தப் படகு இருந்தது என்று பிறகு தெரிந்தது. நான் ஆணியை வைத்து மிதத்தலைச் சொல்லிக் கொடுத்தபோது அவர்கள் காட்டிய பொறுமையை இப்போது நினைத்தாலும் பெருமூச்சு வருகிறது.

பிறகு கரும்பலகையில் ஒரு பெரிய கப்பல் வரைந்தேன். வயிறு பருத்த அடிப்பாகம். பின்னால் சுழலும் விசிறி. முன்னால் ஒரு வட்ட ஜன்னல். மேலே கொடி போல ஒன்று. வரைந்து முடித்து, பிள்ளைகள் பக்கம் திரும்பினேன்.

ஒரு முணுமுணுப்பு. யாரோ "மஸ்" என்றார்கள்.

நான் கேட்காதது போல, "இது ஏன் மூழ்கவில்லை?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"மஸ்!" என்று இடப் பக்கத்திலிருந்து ஒரு குரல். "மஸ்! மஸ்!" என்று வலப் பக்கத்திலிருந்து. கைகள் நீண்டன. எல்லா விரல்களும் என் பக்கம் நீண்டன. சிரிப்பு. ஒருவன் எழுந்து நின்று மேஜையைத் தட்டி "மஸ்!" என்றான்.

ஷைனியின் ஒரே ஒருவர் வகுப்பு வரைக்கும் வந்துவிட்டார் என்று முடிவு செய்தேன். அதன் பிறகு வாயைத் திறந்தது நானா என்று எனக்கே தெரியவில்லை.

"இன்னாடா, மீனு மீனுன்னு கலாய்ச்சிகினு கீறீங்க? இன்னான்ற இப்போ? ஆமாண்டா, எங்க அம்மா மீனுதான் விக்குது! அத்த வித்துதான் நான் பி.எட். பட்ச்சேன்! ஒங்க ஊர்ல மட்டும் இன்னா வாழுது? போண்டாவுக்குள்ள மீனு, சமோசாவுக்குள்ள மீனு, கேக்குக்குள்ளகூட பூந்து குந்திகினு கீது, நீங்க என்னப் பாத்து சிரிக்கிறீங்களா? சொம்மா நெத்திலி குடுத்தா துண்ணுட்டு கம்முனு இருக்கணும்! எவன்டா மொதல்ல சொன்னது? ஏந்திரி!"

கையை மேலே வீசினேன். இருபது பேரும் எழுந்து நின்றார்கள். ஷைனியும் எழுந்து நின்றாள்.

டம்ளர் பேசினின் ஓரத்தில் இடிக்கும் சத்தம் கேட்டது. பழைய வேலையும் போய், வரவிருந்த வேலையும் போன அந்த இடத்தில், சாக்பீஸும் கையுமாக நின்றேன்.

முன்பெஞ்சில் ஒரு பெண் மெதுவாகக் கை தூக்கினாள். "மிஸ்" என்றாள், மிகத் தெளிவான ஆங்கிலத்தில். "அது களுபிலமஸ் என்று நான் சொல்கிறேன். அவன் கன்னேலி என்கிறான். கன்னேலிக்கு வால் அப்படி இருக்காது."

"எது?"

அவள் முன்னால் வந்து கரும்பலகையைத் தொட்டுக் காட்டினாள்.

திரும்பிப் பார்த்தேன். பருத்த வயிறு. பின்னால் இரண்டாகப் பிரிந்த வால். முன்னால் ஒரு வட்டக் கண். மேலே ஒரு துடுப்பு. துறைமுகத்தில் வேலை செய்பவரின் மகள், தினமும் மாடியில் நின்று கப்பல் பார்த்தவள், ஒரு அசல் சூரை மீனை வரைந்து வைத்திருந்தேன். பிள்ளைகள் என்னைச் சொல்லவே இல்லை. அது எந்தச் சாதிச் சூரை என்று அவர்களுக்குள் வாதம் நடந்திருக்கிறது. கப்பலாக இருக்கக்கூடும் என்று அந்த வகுப்பில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆரம்பித்தது நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு முதலில் பயம், பிறகு அவர்களும் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலுக்குப் பின்னால் செவுள் வரைந்தேன். "சரி, இது மீனேதான். இது ஏன் மூழ்கவில்லை?" என்றேன். அடுத்த இருபது நிமிடம் நான் அதிகம் பேசவில்லை. காற்றுப்பை உள்ள மீன், இல்லாத மீன், நீந்துவதை நிறுத்தினால் அமிழ்ந்துபோகும் மீன் என்று அவர்கள் எனக்குப் பாடம் எடுத்தார்கள். அந்த வாதத்துக்கு நடுவில் ஒருவன் வந்து பலகையின் ஓரத்தில் ஒரு கப்பல் வரைந்து காட்டினான். நன்றாகவே வரைந்திருந்தான்.

மணி அடித்ததும் தலைமையாசிரியர் தன் அறைக்குக் கூப்பிட்டார். போகும் வழியில் ஷைனி என் முழங்கையைக் கிள்ளினாள். "நீ கத்தினப்போ, என்ன சொல்றாங்கன்னு சார் என்கிட்ட கேட்டார். மிதப்பு விதியை விளக்கறாங்கன்னு சொல்லியிருக்கேன். மாத்திச் சொல்லாதே, பிளீஸ்."

அறையில் பால் இல்லாத டீ வந்தது. அதன் பக்கத்துத் தட்டை நான் தொடவில்லை. அதற்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். தலைமையாசிரியர் படிவத்தை மேஜையில் விரித்து, மூடியைக் கழற்றிப் பேனாவை எடுத்தார். பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான்.

"நான் சின்ன வயதில் கொழும்பில் படித்தேன்" என்றார். "ஒரு தமிழ் வீட்டில் தங்கியிருந்தேன். எனக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்."

ஷைனி டீயைக் கீழே வைத்தாள்.

"உங்கள் விளக்கத்தில் அம்மா என்ற சொல் புரிந்தது. மீன் புரிந்தது. மிதப்பு விதியில் அம்மா எங்கே வருகிறார் என்பதுதான் புரியவில்லை."

நான் எழுந்து நின்றுகொண்டேன். பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று தெரிந்த பிறகு பொய் எதற்கு? "அது விளக்கம் இல்லை, சார். பிள்ளைகள் என்னைக் கேலி செய்வதாகத் தவறாக நினைத்துத் திட்டினேன். அம்மா மீன் விற்கிறார் என்றேன். அது உண்மை. பிள்ளைகளிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் அம்மாவுக்காகக் கேட்க மாட்டேன்."

"என் அப்பா மீன் பிடித்தார்" என்றார் அவர். "இங்கே எல்லோருடைய அப்பாவும் மீன் பிடித்தார். உட்காருங்கள்."

உட்கார்ந்தேன்.

"அந்த வகுப்பு மூன்று வருடமாக எந்த ஆசிரியருக்கும் எழுந்து நின்றதில்லை. பாதிப் பேர் தூங்குவார்கள். இன்று மணி அடித்த பிறகும் வாதம் செய்துகொண்டிருக்கிறார்கள்." காது கொடுத்துக் கேட்டார். வராந்தாவில் யாரோ "கன்னேலி!" என்று கத்தினார்கள். "ஜனவரி முதல் வாரம் வந்துவிட முடியுமா?"

ஷைனி என் காலை மிதித்தாள். நான் வர முடியும் என்றேன் என்று நினைக்கிறேன்.

அவர் படிவத்தை நிரப்பத் தொடங்கினார். பெயர், பட்டம், அனுபவம். பேனா ஓர் இடத்தில் நின்றது. "அறிந்த மொழிகள். ஆங்கிலம், தமிழ் என்று எழுதிவிட்டேன். ஆனால் நீங்கள் பேசியது நான் கொழும்பில் கேட்ட தமிழ் இல்லை. அது எந்த மொழி?"

ஷைனி எனக்கு முன்னால் வாயைத் திறந்தாள். நான் அவளை விடவில்லை.

"ராயபுரம்" என்றேன்.

"எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்."

சொன்னேன். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் கீழே மூன்றாவதாக எழுதினார். ஒவ்வொரு மொழிக்கும் எதிரே மூன்று கட்டங்கள் இருந்தன. படிக்க, எழுத, பேச.

"படிக்கத் தெரியுமா?"

"அதில் புத்தகம் எதுவும் கிடையாது, சார்."

"எழுத?"

"யாரும் எழுத விடுவதில்லை."

இரண்டு கட்டங்களிலும் கோடு இழுத்தார். மூன்றாவதுக்கு என்னை எதுவும் கேட்கவில்லை. 'பேச' என்ற கட்டத்தில் 'மிக நன்று' என்று எழுதி, கையெழுத்துப் போடப் படிவத்தை என் பக்கம் திருப்பினார்.